முகம் இல்லாத அறை

அந்த அறைக்குள் முகத்தோடு யாரும் போகக் கூடாது. பாளையங்கோட்டையைத் தாண்டி, புறவழிச்சாலை ஓரமாக இருந்த நினைவாய்வு மையத்தில் அதுதான் முதல் சட்டம். சட்டம் போட்டவள் டாக்டர் ஞானசௌந்தரி. வெள்ளைத் துணி உறையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, கண்ணுக்கு நேரே வைத்துத் தைத்த வலை வழியாகப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே நடமாட வேண்டும். சுவரில் காலண்டர் கிடையாது. சாட்சி போய்வரும் கழிப்பறையில் கண்ணாடி கிடையாது. ரூபாய் நோட்டைக்கூட வாசலில் வைத்துவிட்டுத்தான் வரவேண்டும், அதிலும் ஒரு முகம் சிரித்துக்கொண்டிருக்கிறதே. இன்ஸ்பெக்டர் அருமைநாயகம் இதைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவரும் ஒரு உறையை மாட்டிக்கொண்டு, தொப்பையும் துணியுமாக மூலையில் போய் நின்றார்.

நாற்காலியில் இருந்தவள் மாரிக்கனி. அவள் புருஷன் ஜெபராஜை அவனுடைய ஜெராக்ஸ் கடைக்குள்ளேயே வைத்து, அவள் கண்ணெதிரே வெட்டிக் கொன்றிருந்தான் ஒருவன். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள் என்று வீட்டார் அவளைத் தலைமுழுகியிருந்தார்கள். வெட்ட வந்தவன் முகத்தில் துண்டு கட்டியிருந்தான். வெட்டிய வேகத்தில் துண்டு அவிழ்ந்துவிட்டது. மாரிக்கனி முகத்தைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். அரிவாளைத் திருப்பிப் பிடித்து அவள் பிடரியில் ஓங்கி அடித்துவிட்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அந்த முகம் மட்டும் இல்லை.

"சட்டை பட்டன் தெரியுது டாக்டரம்மா. துண்டோரத்துல பச்சைக் கரை தெரியுது. மூஞ்சிக்கு வந்தா வெறும் வெள்ளைத்தாளா ஆயிருது. எங்க வீட்டுக்காரரக் கொன்னவன நானே தொலைச்சிட்டு நிக்கேன்."

"தொலையல கனி. உள்ளதான் இருக்கு" என்றாள் ஞானம். "நீ ஒரு காரியத்த நினைச்சியன்னா மூளைக்குள்ள கொஞ்சம் அணுக்கள் சேர்ந்து எரியும். எது எது எரியுதுன்னு பாத்து இந்த மிஷின் படம் வரைஞ்சிரும். உனக்கு முகம் பிடிபடலன்னாலும் மிஷினுக்குப் பிடிபடும்."

"அதுக்கு எதுக்கும்மா எல்லாரும் மூஞ்சிய மூடிக்கிட்டு நிக்கிய?"

"உங்க கடை ஜெராக்ஸ்ல ஒரிஜினல் அப்படியே இருக்கும், நகல்தான் வெளிய வரும். மூளை அப்படியில்ல. நினைக்கும்போதெல்லாம் ஒரிஜினலே வெளிய வந்து இளகும். பொறவு திரும்பப் போய் உறையும். நாங்க போடுத மருந்துல இன்னும் நல்லாக் குழைஞ்சிரும். அந்த நேரம் பக்கத்துல வேற முகம் இருந்துச்சுன்னா அதுவும் சேர்ந்து உறைஞ்சிரும். கண்ணாடியில உன் முகத்தப் பாத்தாக்கூட ஆபத்துதான்."

"புதுசா நடந்த காரியமும் இப்படித்தான்" என்று பக்கத்தில் நின்ற நஸ்ரின் சேர்த்துக்கொண்டாள். மேலப்பாளையத்துப் பெண், ஞானத்தின் கீழ் ஆராய்ச்சி செய்பவள், எதையும் பாதியில் விடமாட்டாள். "நடந்து முடிஞ்ச கையோட ஈரமாத்தான் இருக்கும். காயுததுக்கு நேரமாகும்."

மாரிக்கனி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு முகம். அதற்காக எந்த ஊசியையும் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

நினைவைக் கிளப்ப ஒரு தூண்டில் வேண்டும். ஜெபராஜின் கடையில் இருந்ததைப் போலவே ஒரு ஜெராக்ஸ் மிஷினை அறையில் கொண்டுவந்து வைத்திருந்தாள் ஞானம். பொத்தானை அழுத்தியதும் பச்சை வெளிச்சம் கண்ணாடிக்கு அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. சூடான தாள் வாசம் கிளம்பியது. மாரிக்கனியின் கைகள் நாற்காலியின் பிடியை இறுக்கின. திரையில் புள்ளி புள்ளியாகக் கடை எழுந்தது.

முதலில் ஜெபராஜின் கை. தாளை அடுக்கிக்கொண்டிருந்த கை. அடுத்து அரிவாள். முதல் வெட்டு மணிக்கட்டில் விழுந்தது. கை ஒரு பக்கமும் தாள்கள் ஒரு பக்கமும் போயின. இரண்டாவது வெட்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்கி எலும்பில் சிக்கியது. வெட்டியவன் அவன் நெஞ்சில் காலை வைத்து மிதித்து அரிவாளை உருவினான். ஜெராக்ஸ் மிஷின் நிற்கவில்லை. போட்ட கணக்குக்கு அது பாட்டுக்குத் தாள்களைத் துப்பிக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு தாளும் சிவப்பாக வந்தது. ஞானம் இந்த மிஷினில் எத்தனையோ கொலை பார்த்தவள். அன்று அவளே வலைக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெளுப்பு. ஆனால் அடுத்த அமர்வில் அந்த வெளுப்புக்குள் தாடை தெரிந்தது. அதற்கடுத்த அமர்வில் மூக்கின் நிழல் விழுந்தது. இன்னும் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு அமர்வு போதும்.

அங்கேதான் கெட்டது. முகம் அருகில் வர வர மாரிக்கனிக்குப் பயம் தலைக்கேறியது. நினைவிலிருந்து கண் திறந்தவள் தன்னைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். எல்லாரும் முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். அவனும் அப்படித்தான் கட்டிக்கொண்டு வந்தான். இவ்வளவு படித்தவர்கள் எவருக்கும் அதுவரை அது தோன்றவில்லை.

"எடுங்க! துணிய எடுங்க! யாருல நீங்கள்லாம்?" அவள் வயர்களைப் பிய்த்தெறிந்தாள். பிடரித் தையல் பிரிந்து ரத்தம் முதுகில் வழிந்தது. நாற்காலியோடு சாய்ந்து விழுந்து, தரையில் தலையை நங்கு நங்கென்று முட்டினாள். "வெட்டிப் போடுங்கல! என்னையும் வெட்டிப் போடுங்க!"

இப்படியே விட்டால் மண்டையை உடைத்துக்கொண்டு செத்துப்போவாள். ஞானம் உறையைக் கழற்றி எறிந்தாள். தரையில் உட்கார்ந்து, மாரிக்கனியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். "பாரு கனி. நான்தான். ஞானம் டாக்டர். பாரு, என்னைய நல்லாப் பாரு" என்றாள். மாரிக்கனி பார்த்தாள். அழுதுகொண்டே வெகுநேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானம் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் உறையைக் கழற்றியிருக்கமாட்டாள்.

அடுத்த அமர்வின்போது நஸ்ரின் பக்கத்து அறையில் மருந்து அளந்துகொண்டிருந்தாள். திரைக்கு முன்னால் ஞானமும் இன்ஸ்பெக்டரும் மட்டும். பச்சை வெளிச்சம் ஓடியது. அரிவாள் இறங்கியது, துண்டு அவிழ்ந்தது. வெளுப்பு விலகி, மூக்கும் கண்ணும் வாயும் பளிச்சென்று வந்து உட்கார்ந்தன. நெற்றி ஓரத்து மச்சம் வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. அது ஞானசௌந்தரியின் முகம்.

இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார். "மேடம், உங்களை அரெஸ்ட் பண்ணவா?"

ஞானம் அவரை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். தான் போட்ட சட்டத்தை மறந்து, வலை வழியாகப் பார்ப்பது போதாமல், துணியை உயர்த்தித் திரையைக் கிட்டப்போய்ப் பார்த்தாள். மாரிக்கனி அந்த நேரம் கண்ணைத் திறந்தாள்.

அவள் கத்தவில்லை. எழுந்து வந்த வேகத்தில் பக்கத்து ஸ்டூலைத் தூக்கி ஞானத்தின் வாயில் அடித்தாள். பல் ஒன்று உடைந்து நாக்கில் உருண்டது. கீழே விழுந்தவளின் மேல் ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தாள். பெருவிரல்கள் இரண்டும் குரல்வளையை அழுத்தின. "எம் புருசன் ஒனக்கு என்னட்டி செஞ்சாரு? என்னட்டி செஞ்சாரு?" ஞானத்துக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இன்ஸ்பெக்டரும் ஓடிவந்த நஸ்ரினும் சேர்ந்து இழுத்தும் அந்தக் கை கழுத்தை விடவில்லை. கடைசியில் நஸ்ரின் ஊசியைத்தான் குத்தினாள்.

தெளிந்தபின் மாரிக்கனி கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும் டாக்டரம்மா. ஆனா ஒங்க மூஞ்சியப் பாத்தா கை நிக்க மாட்டேங்குதே" என்று, மறுபடி உறை மாட்டியிருந்த ஞானத்தின் முன்னால் தலைகுனிந்து அழுதாள்.

அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் ஞானத்தின் அறைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார். கோயில் கொடைத் திருவிழாவில் எடுத்தது. முறுக்கு மீசை, நெற்றி நிறையச் சந்தனம்.

"பலவேசம். மாரிக்கனிக்குக் கூடப்பொறந்த அண்ணன். கல்யாணத்தன்னைக்கே 'வெட்டிப் போட்டுருவேன்'னு நடுத்தெருவுல நின்னு சத்தம் போட்டவன். ஆஸ்பத்திரி வாசல்ல சுத்திக்கிட்டு நின்னான், தூக்கி உள்ள வச்சாச்சு. வாயத் திறக்க மாட்டேங்கான். இவன்தான்னு ஊருக்கே தெரியும்."

"தெரிஞ்சா சாட்சி பிடிங்க."

"சாட்சி மண்டைக்குள்ளதான மேடம் இருந்துச்சு? அத அழிச்சது யாரு?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஒங்க மூஞ்சியோட அந்தப் படம் கோர்ட்டுக்குப் போச்சுன்னா மிஷினுக்கு மூடுவிழாதான். இதுவரைக்கும் இந்த மிஷின் பிடிச்சுக் குடுத்துச்சே, சின்னப் பிள்ளையக் கெடுத்தவன், பொண்டாட்டிய எரிச்சவன், அத்தன பேரும் அப்பீல் போட்டு வெளிய வருவானுவ. ஒங்களால இளக்க முடியும். ஒங்க மூஞ்சி இருக்க இடத்துல இந்த மூஞ்சிய வைங்க. பொய்யா சொல்லுதோம்? உள்ளதத்தான திரும்ப வைக்கோம்."

ஞானம் போட்டோவைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்த்தி வைத்தாள். வீங்கிய கழுத்தைத் தடவிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் தலைக்குள் தான் அரிவாளோடு நிற்பதை அவளால் தாங்க முடியவில்லை. எப்படியாவது அங்கிருந்து வெளியே வந்துவிடவேண்டும் என்றிருந்தது. மற்றதெல்லாம், மிஷின், அப்பீல், ஊர், பிறகு சேர்த்துக்கொண்ட நியாயங்கள்.

மறுநாள் நஸ்ரினை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு அவளே மருந்து போட்டாள், அவளே பொத்தானை அழுத்தினாள். துண்டு அவிழும் கணத்தில், மாரிக்கனியின் பாதி மூடிய கண்ணுக்கு நேரே பலவேசத்தின் போட்டோவைப் பிடித்தாள். நினைவு உறைகிறவரை அப்படியே பிடித்திருந்தாள்.

மாஜிஸ்திரேட் முன்னிலையில் நடந்த அமர்வில் திரையில் பலவேசம் வந்தான். மாரிக்கனி படத்தைப் பார்த்து, "அண்ணனா?" என்றாள். "எங்கண்ணனா வெட்டுச்சு?"

நஸ்ரின் மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மேடம், துண்டுக்குள்ள சந்தனம் கலையாம இருக்கே. வெட்ட வாரவன் சந்தனம் பூசிக்கிட்டா வருவான்?"

"வருவான். கோயில்ல வேண்டிக்கிட்டு வருவான்" என்றாள் ஞானம். சட்டென்று வந்துவிட்ட அந்தப் பதில் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

கடைசியாக இடச் சோதனை. சாட்சியைக் கொலை நடந்த இடத்துக்கே அழைத்துப்போய், குற்றவாளியை அங்கே நிறுத்தி, நினைவும் இடமும் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். இதுவும் ஞானம் எழுதிவைத்த விதிதான். ஜெபராஜின் கடையைத் திறந்தார்கள். வெளியே பலவேசத்தின் சொந்தக்காரர்கள் கூடி நின்று சத்தம் போட்டதால் போலீஸ்காரர்கள் அத்தனை பேரும் வாசலை மறித்து, கடைக்கு முதுகு காட்டி நின்றார்கள். பலவேசத்தின் விலங்கை மேசைக் காலோடு பூட்டிவிட்டு இன்ஸ்பெக்டரும் வாசலுக்குப் போனார். உள்ளே மூன்று பேர்.

"ஏட்டி கனி, நான் இல்லட்டி" என்றான் பலவேசம். அவனை அடித்த அடியில் ஒரு கண் திறக்கவில்லை. "ஒன்னையப் பாக்கத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உள்ள வர மூஞ்சி இல்லாம வாசல்லயே நின்னேன். அப்பா மேல சத்தியமா நான் இல்ல."

மாரிக்கனி அவனைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். அவள் முகத்தில் ஒரு குழப்பம் தெரிந்தது. ஒருவேளை அவள் அப்படியே அழுதிருப்பாள், அண்ணனைத் தொட்டுக்கூட இருப்பாள். ஆனால் விதி என்று ஒன்று இருந்தது. ஞானம் ஜெராக்ஸ் மிஷினின் பொத்தானை அழுத்தினாள். பச்சை வெளிச்சம் ஓடியது.

லேமினேஷன் வெட்டும் பெரிய கத்தரிக்கோல் மேசையில் கிடந்தது. மாரிக்கனி அதை எடுத்ததை ஞானம் பார்க்கவில்லை. முதல் குத்து கழுத்தின் பக்கவாட்டில் இறங்கியபோதுதான் பார்த்தாள். உருவியதும் ரத்தம் பீய்ச்சி ஞானத்தின் முகத்தில் அடித்தது. பலவேசம் எழுந்து ஓடப் பார்த்தான், விலங்கு இழுத்து மேசையோடு சாய்த்தது. அவள் குனிந்து குனிந்து குத்தினாள், கழுத்தில், தோளில், தடுத்த கையில். கடைசிவரை அவன் அவளைத் திருப்பி அடிக்கவில்லை. "கனி" என்று ஒருமுறை சொன்னான். அதற்கு மேல் வாயில் ரத்தம்தான் வந்தது. மிஷின் வெள்ளைத் தாள்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஞானம் அலறியதைக் கேட்டுப் போலீஸ்காரர்கள் திரும்பியபோது கத்தரிக்கோல் தரையில் கிடந்தது, மூன்று பேரும் ரத்தத்தில் இருந்தார்கள்.

ஞானம் கடையின் பின்பக்கத்துக் குழாயடிக்கு ஓடினாள். முகத்தைக் கழுவினாள். போகவில்லை. சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். குழாய்க்கு மேலே ஜெபராஜ் சவரம் செய்ய மாட்டியிருந்த கண்ணாடி. அதில் தன் முகத்தையே வெறித்துப் பார்த்தபடி, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள். புருவ மயிருக்குள் இருந்த ரத்தம்கூடப் போனபிறகும் அங்கிருந்து அவளால் நகர முடியவில்லை.

பலவேசத்தைப் புதைத்த மண் காய்வதற்குள் ஜெபராஜை உண்மையில் வெட்டிய ஆள் பிடிபட்டான். மாரிக்கனியின் சித்தப்பா மகன் ஐகோர்ட்துரை. குலசாமி பேரை வைத்திருந்தார்கள், பிள்ளை கோர்ட் வாசலிலேயே கிடந்தான். வேறொரு வெட்டுக் கேஸில் மாட்டி, போலீஸ் கைவைக்கும் முன்பே இதையும் கக்கிவிட்டான். பச்சைக் கரைத் துண்டு அவன் வீட்டுக் கூரையில் சொருகியிருந்தது.

ஞானம் சிறைக்குப் போய் மாரிக்கனியைப் பார்த்தாள். இப்போது அந்த முகத்தைக் கண்டு மாரிக்கனி பாயவில்லை.

"ஐகோர்ட்டு ஒத்துக்கிட்டானாம்லா டாக்டரம்மா? ஆனா அவன் மூஞ்சி எம் மண்டைக்குள்ள எங்கேயும் இல்லையே. எங்கண்ணன்தான இருக்கு. ஒரு தடவ எங்கண்ணன் வெட்டுது. ஒரு தடவ எங்கண்ணன் குத்துப்பட்டுச் சாவுது. மாத்தி மாத்தி அதேதான் ஓடுது. நான் ஒரே ஒரு மூஞ்சிதானம்மா கேட்டேன்?" அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "தூக்குல போடுவாங்களா?"

ஞானம் சிறை வாசலில் வந்து உட்கார்ந்து, உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொண்டு அழுதாள்.

கொலை வழக்கு என்றால் கண்ணால் பார்த்தவரின் நினைவுப்படம் கட்டாயம், வாய்ச் சாட்சியத்தைவிட அதுதான் பெரிது என்று சட்டமே வந்திருந்தது. அந்தச் சட்டத்துக்காக டெல்லிவரை போய் வாதாடியவர்களில் ஞானமும் ஒருத்தி. பலவேசத்தின் படம் தப்பானதை, அண்ணன்மேல் சந்தேகப்பட்டுச் சாட்சி குழம்பிவிட்டாள் என்று ஒதுக்கிவிட்டார்கள், சட்டம் அப்படியே நின்றது. குற்றம் சாட்டப்பட்டவரை மிஷினில் உட்காரவைக்க அது இடம் தரவில்லை. போலீஸ்காரர்களின் நினைவில் வாசல் கூட்டம்தான் இருந்தது. பலவேசம் கொலைக்கு மிச்சம் இருந்த ஒரே சாட்சி டாக்டர் ஞானசௌந்தரி.

அவள் தன் நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். சுற்றிலும் வெள்ளை உறைகள். எது நஸ்ரின் என்று நடையை வைத்துத்தான் தெரிந்தது. மூலையில் மாஜிஸ்திரேட். ஊசி ஏறியது. ஜெராக்ஸ் மிஷினின் பச்சை வெளிச்சம் ஓடியது. சூடான தாள் வாசம் வந்ததும் மாரிக்கனி எவ்வளவு தாங்கியிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது.

கத்தரிக்கோல் ஏறி இறங்கியது. அதன் கனம்கூடக் கையில் தெரிந்தது. பலவேசம் விலங்கோடு சாய்ந்தான், "கனி" என்றான். குத்தியவள் நிமிர்ந்தாள். அறையில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். ஞானம் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். நெற்றி ஓரத்து மச்சம் முதற்கொண்டு எல்லாம் பளிச்சென்று இருந்தது. கழுவிய முகம். நெற்றி மயிரில் சோப்பு நுரைகூட இருந்தது.

நஸ்ரின் குனிந்து நுரையைப் பெரிதாக்கினாள். வெகுநேரம் பார்த்தாள். அவள்தான் எதையும் பாதியில் விடமாட்டாளே. பிறகு உறைக்குள்ளிருந்து, குரல் உடைந்து கேட்டாள். "மேடம். அன்னைக்குச் சம்பவம் முடிஞ்ச பொறவு நீங்க கண்ணாடி பாத்தீங்களா?"

ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் படம் செல்லாது. மருந்து இல்லாமல் ஒட்டிய முகம் மேலோட்டமாகத்தான் இருக்கும், தோண்டி அடியிலிருந்து மாரிக்கனியை எடுத்துவிடுவார்கள்.

"இல்ல" என்றாள் ஞானம்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம்."

"கண்ணாடி எதுவும் பாக்கல நஸ்ரின். மிஷின் சரியாத்தான் வரைஞ்சிருக்கு. அவன் கழுத்துல குத்தினது நான்தான், மாஜிஸ்திரேட் ஐயாகிட்ட சொல்லு."

நஸ்ரின் தன் உறையைக் கழற்றப் போனாள். ஞானம் அவசரமாகத் தலையை அசைத்து வேண்டாம் என்றாள். நினைவு இன்னும் உறையவில்லை. இதற்குள் வேறு எந்த முகமும் வந்துவிடக் கூடாது.